வாய் பொருந்தும் பெயர்

இருபத்து மூன்றாவது தடவையும் அந்த வரி சரிப்பட்டு வரவில்லை.

இரண்டே வார்த்தை. 'முதல் மழை.' பால்குடி மறந்த குழந்தைகூடச் சொல்லிவிடும். திரையில் அந்த நடிகையின் முகம், ஆள் உயரத்துக்கு, ஒரு அலுவலகக் கவுன்ட்டரின் முன்னால் நிற்கிறது. உள்ளே இருக்கும் அதிகாரி பெயரைக் கேட்கிறார். சொல்கிறாள். "அப்படின்னா என்ன அர்த்தம்?" என்கிறார். அந்த முகம் ஒரு விநாடி யோசித்துவிட்டு "முதல் மழை" என்கிறது. படப்பிடிப்பு நடந்த அன்று பக்கத்தில் ஜெனரேட்டர் போட்ட கூச்சலில் ஒரு எழுத்தும் உருப்படியாகப் பதிவாகவில்லை. அதனால்தான் நான்கு நாளாக இந்த டப்பிங் அறையில் நின்று, ஓடும் தன் வாயையே பார்த்துப் பார்த்து அவள் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அழுகைக் காட்சி ஒரே மூச்சில் முடிந்தது. சண்டைக் காட்சியில் தொண்டை கட்டினாலும் முடிந்தது. கடைசியில் இந்த இரண்டு வார்த்தையில் வந்து வண்டி படுத்துக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றினான். எல்லோரும் அவனைக் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த அறையில் யாராவது மனசுக்குள் திட்டினாலும் இவனுக்குக் கேட்டுவிடும் என்று பெயர்.

"அக்கா, வாய் பொருந்துது. சத்தமும் சுத்தம்."

"பின்னே என்ன குறைச்சல்?"

"கோவிச்சுக்காதீங்க. மத்த இடத்துல எல்லாம் பேசுறீங்க. இங்க மட்டும் ஒப்பிக்கிறீங்க." கொஞ்சம் மென்று விழுங்கினான். "பொய் சொல்ற மாதிரி இருக்குக்கா."

அவளுக்குச் சுருக்கென்றது. பின்னாலிருந்த டைரக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அந்த வரிதான் மேடம் படத்தோட உயிரு. நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் பாப்போம். வரலைன்னா எனக்கு வேற வழியில்லை. குரல் அக்காவை வரச் சொல்லிடுறேன்."

"இந்த ஒரு வரிக்கா?"

"ஒரு வரிக்கு ஒரு குரல், மத்ததுக்கு ஒரு குரல்னு வைக்க முடியுமா? அவங்க பேசினா முழுப் படத்துக்கும்தான்."

அவ்வளவுதான், சொல்லிவிட்டார். அவருக்கு அது ஒரு நாள் வேலை. அவளுக்கோ பதினோரு வருஷம்.

பதினோரு வருஷத்தில் இருபத்தாறு படம் நடித்திருக்கிறாள். ஒன்றில்கூட அவளுடைய குரல் கிடையாது. முகத்தை எடுத்துக்கொண்டார்கள், குரலை வாசலில் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டார்கள். பேச்சில் ஏதோ வெளியூர் வாடை அடிக்கிறதாம். எந்த ஊர் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அதற்கு அவளைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. அவளுடைய அப்பாவைப் பெற்றவர் கப்பலில் சமையல்காரராக இருந்து, ஒரு துறைமுகத்தில் காய்ச்சலோடு இறங்கி, அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர். அம்மாவைப் பெற்றவர் மலையிலிருந்து இறங்கிவந்த ரயில்வே குமாஸ்தா. அவர் மனைவி எல்லைக்கு அந்தப் பக்கத்து நர்ஸ். நான்கு பேருக்கும் நான்கு பாஷை. இவளுடைய மூக்கு ஒரு வீட்டுச் சொத்து, கண் இன்னொரு வீட்டுச் சொத்து, முடி யாருடையது என்று இன்றைக்கும் வழக்குத் தீரவில்லை.

சினிமாவில் இப்படி ஒரு முகம் கிடைத்தால் என்ன செய்வார்கள்? விமானப் பணிப்பெண் ஆக்குவார்கள். வில்லனின் காதலி, வெளிநாட்டிலிருந்து வந்து கதாநாயகனின் மனசைக் கெடுத்துவிட்டு இடைவேளைக்குள் திரும்பிப் போகிறவள், எல்லாம் ஆகியிருக்கிறாள். அத்தனைக்கும் குரல் கொடுத்தது ஒரே பெண்மணி. குரல் அக்கா. தங்கமான மனுஷி, அவள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் இவளைப் பெற்ற தாய் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்க, டிவியில் மகள் பக்கம் பக்கமாக வசனம் பேசியும், அந்தத் தாய் எழுந்து வந்து பார்க்கவில்லை. குரல் வேறு யாருடையதோ, பின்னே எப்படி வருவாள்? அந்த வயிற்றெரிச்சல் லேசில் ஆறுவதில்லை. இந்தப் படத்தில்தான் முதல் தடவையாக அவள் கதாநாயகி. முதல் தடவையாகச் சொந்தக் குரல்.

சரி, காது சொன்ன விஷயத்துக்கு வருவோம். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த வரி பொய்தான்.

முதல் படம் வந்தபோது ஒரு நிருபர் பேட்டிக்கு வந்தார். "உங்க பேர் புதுசா இருக்கே, எந்த மொழி, என்ன அர்த்தம்?" என்றார். அவளுக்குத் தெரியாது. ஒரு பெண்ணுக்குத் தன் பெயரின் அர்த்தமே தெரியாது என்று எப்படிச் சொல்வது? திருதிருவென்று முழித்தாள். ஜன்னலுக்கு வெளியே தூறிக்கொண்டிருந்தது. "எங்க அப்பாவோட மொழி. முதல் மழைன்னு அர்த்தம்" என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டாள். நிருபர் சொக்கிப்போனார். அடுத்த பேட்டியில் அதற்குக் கை முளைத்தது. அவள் பிறந்த அன்று மழை கொட்டியதாம். அதற்கடுத்த பேட்டியில் காலும் முளைத்தது. அதற்கு முன்னால் மூன்று வருஷம் பஞ்சமாம். அவள் பிறந்ததோ மண்டையைப் பிளக்கும் வெயிலில், மின்சாரம் போன ஆஸ்பத்திரியில்.

இந்த டைரக்டர் அந்தப் பேட்டிகளை எல்லாம் படித்துவிட்டு வந்து, "உங்க பேரையே கதாநாயகிக்கு வச்சுட்டேன், அந்த அர்த்தத்தைச் சுத்தித்தான் கதை" என்றபோது அவள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கதாநாயகி வேஷம் யாருக்குக் கசக்கும்?

சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போனாள். உண்மையான அர்த்தம் தெரிந்தால், சொல்லும்போது அதையாவது மனசில் வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

மூன்றாவது மாடி. ஏறும்போது இரண்டாவது திருப்பத்தில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அந்தச் சந்தைப் பார்க்காமல் ஏறினாள். எப்போதுமே அப்படித்தான். அவளுக்கு ஒன்பது வயதாயிருந்தபோது அப்பா உடம்பு முடியாமல் படுத்தார். படுக்கையிலிருந்து சும்மா சும்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். போனால் தண்ணீரைக் காட்டுவார். திரும்பி வந்தால் மறுபடி கூப்பிடுவார். போனால் ஜன்னலைக் காட்டுவார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. வாய் திறந்து இன்னது வேண்டும் என்று சொன்னால் என்ன என்று அவளுக்கு ஆத்திரமாக வரும். ஒரு மத்தியானம் வெளியே ஓடிவந்து அந்தச் சந்துக்குள் உட்கார்ந்துகொண்டாள். அங்கேயும் கேட்டது. பதினேழு தடவை எண்ணினாள். போகவில்லை. அதற்கு நான்காம் நாள் அப்பா செத்துப்போனார். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, எந்தப் பேட்டியிலும் இது வந்ததில்லை.

கதவு திறந்தேதான் இருந்தது. அம்மா ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து ஒரு பல்செட்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷமாக இதே வேலை. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அம்மா மெழுகில் பல்லைப் பதித்து, வார்த்து, ராவி, பளபளவென்று திருப்பி அனுப்புவாள். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் கைவேலை. ஆனால் யாரும் அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை, அவளை யாருக்குத் தெரியும்?

"வா பாப்பா. டீ போடட்டுமா?"

"அப்புறம் போடலாம். ஒண்ணு கேக்கணும்மா. என் பேருக்கு என்ன அர்த்தம்?"

அரம் நின்றது. "முதல் மழைன்னு நீதானே சொல்லிட்டுத் திரியுற?"

"நான் விட்ட கதை அது. உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன. பதினோரு வருஷமா உன் பேட்டியெல்லாம் கத்தரிச்சு ஒட்டி வச்சிருக்கேனே." அம்மா பல்செட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். "பஞ்சம் வரைக்கும் போயிருக்க வேண்டாம். மத்தபடி நல்லாத்தான் இருந்துச்சு."

"சின்ன வயசுல கேட்டப்போ எல்லாம் 'அப்பா வச்சார், அவரைக் கேளு'ன்னு வாயை அடைச்ச. அப்புறம் கேக்க அவரும் இல்லை. இன்னைக்குச் சொல்லு. நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். இல்லாட்டி இந்தப் படத்துலயும் நான் ஊமை."

அம்மா பல்செட்டை மேஜையில் வைத்தாள். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அர்த்தம் ஒண்ணும் இல்லை."

"அம்மா."

"நெசமாத்தான் சொல்றேன். எந்த பாஷையிலயும் கிடையாது. நானும் உங்க அப்பாவும் செஞ்ச பேரு அது."

சொல்ல ஆரம்பித்ததும் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை பிறந்த பதினைந்தாம் நாள், இரண்டு வீட்டுக்காரர்களும் முன்னறையில் கூடினார்களாம். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஒரு பெயர் சொன்னாள். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அதைச் சொல்லிப் பார்த்தார். நாக்கு சுளுக்கிக்கொண்டது. அவர் வேறொரு பெயரைச் சொன்னார். அத்தைக்கு அதன் நடு எழுத்தே வரவில்லை, அவள் வாயில் அது வசவாக வந்து விழுந்தது. சித்தப்பா ஒன்று சொன்னார், பெரியம்மா ஒன்று சொன்னாள். ஒரு வீட்டுக்கு இனித்தது இன்னொரு வீட்டுக்குத் தொண்டையில் முள். மூன்று ஞாயிற்றுக்கிழமை இதே கூத்து. கடைசி ஞாயிறு, "எங்களால கூப்பிட முடியாத பிள்ளை எங்க பிள்ளை இல்லை" என்று அத்தை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியே விட்டாள்.

"உங்க அப்பாவுக்கு அது சுருக்குன்னு பட்டுருச்சு. அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர். விடிஞ்சா பொழுது போனா இரைச்சல் லைன்ல அடுத்தவங்க பேரைச் சொல்லிச் சொல்லியே பொழப்பு. எந்த எழுத்து லைன்ல தொலையும், எது போய்ச் சேரும்னு அவருக்குத் தெரியும். என்கிட்ட வந்து, 'பல்லே இல்லாதவன் வாயில வர்ற எழுத்து எது?'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரியாததா? எந்த எழுத்துக்குப் பல்லு வேணும்னு தெரியாம செட்டு செய்ய முடியுமா? உதட்டால சொல்றது எல்லாருக்கும் வரும்னேன். பல்லு வேண்டாம், நாக்கும் வேண்டாம். அவர் ராத்திரி பகலா உக்காந்து, எக்ஸ்சேஞ்சு சீட்டுக்குப் பின்னால எழுதி எழுதி அடிச்சு, இந்த மூணு எழுத்தைக் கொண்டுவந்தார். ரெண்டு வீட்டுக்காரங்களையும் கீழ தெருவுல நிக்க வச்சு, ஒவ்வொருத்தரா மேல பாத்துக் கூப்பிடச் சொன்னார். ஜன்னல்ல உன்னைத் தூக்கி வச்சுக்கிட்டு நான் நிக்கிறேன். தெருவே வேடிக்கை பாக்குது. எல்லாருக்கும் வந்துச்சு பாப்பா. அத்தைக்குக் கூட. உன்னைக் கூப்பிட முடியாதவங்கன்னு யாரும் இருக்கக் கூடாது, அவருக்கு அதான்."

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?"

"அர்த்தம் இல்லாத பேருன்னு சொன்னா பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்கன்னு முதல்ல சொல்லலை." அம்மா அரத்தை எடுத்தாள், மறுபடி வைத்தாள். "அப்புறம் சொல்ல முடியலை. நான் உன்னை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நீ கேட்டிருக்கியா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்டதில்லை. எப்போதும் பாப்பாதான். முப்பத்து நான்கு வயதிலும் பாப்பா.

"உங்க அப்பாவுக்குக் கடைசியில நாக்குல ஆபரேஷன் பண்ணாங்க. பாதிக்கு மேல எடுத்துட்டாங்க. சின்னப் பொண்ணு பயந்துருவேன்னு உன்கிட்ட தொண்டைப் புண்ணுன்னு சொல்லி வச்சோம். அதுக்கப்புறம் அவருக்கு ஒரு வார்த்தை வரலை. பேச வருவார், காத்துதான் வரும். அப்படி ஒரு நாள் உன் பேரைச் சொன்னார் பாரு. முழுசா, சுத்தமா வந்துச்சு. அதுல நாக்குக்கு வேலையே இல்லையே. அன்னையிலருந்து எல்லாத்துக்கும் அதுதான். தண்ணின்னாலும் அதுதான், ஜன்னல்னாலும் அதுதான், வலின்னாலும் அதுதான். என்னைக் கூப்பிடணும்னாலும் உன் பேர்தான். என் பேர் அவருக்கு வரலை. நீ ஓடி ஓடிப் போய் நிப்ப. பாதி நேரம் அவர் கூப்பிட்டது என்னைத்தான்."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பேரைச் சொல்ல வாயைத் திறந்தா எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வரும். அதான்."

பதினோரு வருஷமாக அடுத்தவர் எழுதிக் கொடுத்ததற்கெல்லாம் கண்ணீர் விட்டவள், இப்போது கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு மத்தியானம் நான் போகலைம்மா. பதினேழு தடவை கூப்பிட்டார். படிக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டேன்."

"தெரியும்" என்றாள் அம்மா. "டாக்டர்கிட்ட செட்டைக் கொடுத்துட்டு நான் மாடி ஏறும்போது உன் செருப்பு தெரிஞ்சுது. உள்ள போய் நான் தண்ணி கொடுத்தேன். குடிச்சார். எழுந்திரு, டீ போடுறேன்."

மறுநாள் பத்து மணிக்கே ஸ்டூடியோவுக்குப் போய்விட்டாள். முன்னறையில் குரல் அக்கா கழுத்தில் மப்ளரும் மடியில் வெந்நீர் பிளாஸ்க்குமாக உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் சங்கடமாகச் சிரித்தாள்.

"வரச் சொன்னாங்க, வந்தேன்மா. நீ நல்லாப் பேசிட்டா நான் பாட்டுக்குக் கிளம்பிடுவேன்."

உள்ளே போய் டைரக்டரிடம் ஒன்று விடாமல் போட்டு உடைத்தாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"முதல் மழை கிடையாதா?"

"கிடையாது."

"அப்போ அந்த மூணு வருஷப் பஞ்சம்?"

"அதுவும் புளுகுதான் சார்."

"பஞ்சமும் புளுகா?" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதை நம்பிப் பத்துப் பக்கம் எழுதியிருக்கேன் மேடம். ஆறு தண்ணி லாரி வாடகைக்கு எடுத்து மழை பெய்ய வச்சிருக்கேன்."

"மழை பெய்யட்டும் சார், அதுக்கும் என் பேருக்கும் சம்பந்தம் வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் எனக்கு மாத்தித் தாங்க."

"எடுத்து முடிச்ச காட்சியை எப்படி மாத்துறது? முழு முகம் திரையில நிக்குது. வாய் பொருந்த வேண்டாமா?"

நியாயமான கேள்விதான். டப்பிங்கில் என்ன வேண்டுமானாலும் பேசலாம், உதடு மூடுகிற இடத்தில் மூடுகிற எழுத்து விழ வேண்டும், அவ்வளவுதான் சட்டம். 'முதல் மழை'க்கு உதடு ஒரு தடவை மூடித் திறக்கும், மறுபடி மூடித் திறந்து முடியும். அவள் விரலால் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"அர்த்தம் என்னன்னு அவர் கேக்குறார். நான் என் பேரையே திரும்பச் சொல்றேன். வேற எதுவும் இல்லை."

டைரக்டர் பதில் சொல்வதற்குள் காது திரையில் காட்சியை ஓட்டிவிட்டு, சத்தமில்லாமல் தன் உதட்டை அசைத்துப் பார்த்தான். இரண்டு தடவை பார்த்தான். "உக்காருது சார்" என்றான். "கடைசியில ஒரு துளி நீளுது. அதை நான் இழுத்துக்குவேன்."

"பேருக்கு அர்த்தம் கேட்டா பேரையே சொல்வாளா ஒருத்தி?" டைரக்டருக்கு இன்னும் ஆறவில்லை. "என்னமோ பண்ணுங்க. ஒரே ஒரு டேக். சரியா வரலை, வெளிய அக்கா இருக்காங்க."

விளக்கு அணைந்தது. அவள் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். திரையில் அந்தக் கவுன்ட்டர் வந்தது, அதிகாரி வந்தார், அவள் முகம் வந்தது. அப்படின்னா என்ன அர்த்தம்?

தண்ணீர் வேண்டும். ஜன்னலைச் சாத்து. வலிக்கிறது. கொஞ்சம் பக்கத்தில் உட்கார். இத்தனையையும் ஒரு மனிதர் எப்படிச் சொன்னாரோ, அப்படியே நாக்கை அசைக்காமல், உதட்டால் மட்டும் அவள் தன் பெயரைச் சொன்னாள்.

காது ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டைரக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொரு தடவை போடு, கேப்போம்" என்றார்.

காது திரும்ப ஓட்டினான். இருட்டில், நான்கு பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தும், அவளுடைய குரலே அவளைக் கூப்பிட்டது.

"இதோ வந்துட்டேன்பா" என்றாள் அவள்.

காது மைக்கைத் திறந்தான். "என்னக்கா சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லை. அடுத்த காட்சியைப் போடு."